அக்காவின் மேஜைக்கு விலை

முப்பத்தோரு வருடம் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் சொன்னவன் நான். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் ஃபினிஷிங் பகுதியில் சேர்ந்து, அங்கேயே சூப்பர்வைசராகி, போன வருடம்தான் வெளியே வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினால் போதும்; இது ஆடா மாடா, எங்கே முள் கீறியிருக்கிறது, எங்கே உண்ணி கடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த தப்புக்கு இந்தப் பெருமைதான் காரணம். வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை டிப்ளமோ படிக்க வைத்தது அவள் சம்பளம். அப்பாவின் கடைசி வருடங்களும் அம்மாவின் கடைசி வருடங்களும் அவள் கையில்தான் கழிந்தன. பதிலுக்கு நான் ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனால், "எனக்கு எதுக்குடா, இருக்கறதே ஜாஸ்தி" என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் என் மனைவி கையிலேயே கொடுத்துவிடுவாள். கொடுக்கத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு வாங்கத் தெரியாது. இதற்காக அவளோடு நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு மூட்டு வலி. இனிமேல் புது வீடு தேடிப் படியேற முடியாது. கணியம்பாடிப் பக்கத்தில் சபையார் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஓர் அறை கேட்டு வைத்திருப்பதாக என்னிடம் போனில் சொன்னாள், முடிவெடுத்த பிறகு. நான் கத்தினேன். எங்களோடு வந்து இருக்கலாமே, ஊர் என்ன பேசும் என்றெல்லாம் சொன்னேன்.

"ஊர்ல யாருக்குடா என்னப் பத்திப் பேச நேரம் கீது? உன் வீட்ல எனக்கு ஒரு ரூம விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் நெருக்கிக்கினு கெடப்பீங்க. அதெல்லாம் வாணாம்."

மாதச் செலவுக்கு அவள் பென்ஷன் போதும். சேரும்போது கட்ட வேண்டிய ஒன்றரை லட்சம்தான் அவளிடம் இல்லை. சேமிப்பு முழுவதும் அம்மாவின் வைத்தியத்தில் கரைந்திருந்தது.

"அந்த டைனிங் செட்ட வித்துடலாம்னு பாக்கறேன். அந்த ரூம்ல அத வெக்க எடம் இல்ல. நீதான் தரம் பாக்கற ஆளாச்சே. அது இன்னா மரம், எந்தக் காலத்துது, எவ்ளோ போவும்னு விசாரிச்சு சொல்லு."

"பணத்த நான் கட்றேன்க்கா."

"நான் உன்னப் பணம் கேக்கல. வெல கேட்டேன்."

அத்துடன் போனை வைத்துவிட்டாள்.

அந்த டைனிங் செட் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வயதான டாக்டர் ஒருவர் பங்களாவைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் போனார். அவருடைய சாமான்களை வாசலிலேயே ஏலம் விட்டார்கள். மற்ற நர்ஸுகள் பீங்கான் தட்டும் திரைச்சீலையும் எடுத்தார்கள். அக்கா ஒரு மேஜையையும் எட்டு நாற்காலிகளையும் எடுத்தாள். அவளுக்குப் போட்டியாக யாரும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய மேஜையைப் போட அங்கே வந்தவர்கள் யாருக்கும் வீடு இல்லை. எங்களுக்கும்தான் இல்லை. வேலூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தோம். இரண்டு மாட்டு வண்டியில் சாமான் வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. மேஜையைப் போட்ட பிறகு கூடத்தில் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நகர முடிந்தது. பள்ளிக்கூடத்தில் பியூனாக இருந்த அப்பா வேலை முடிந்து வந்து கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, ஆபரேஷன் டேபிளா? யாருக்கு ஆபரேஷன்?"

அக்கா சிரிக்கவில்லை. அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள். சோறு, குழம்பு, தண்ணீர் எல்லாம் மேஜைக்கு வந்துவிட வேண்டும். நான்கு பேரும் உட்கார வேண்டும். ஜெபம் செய்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தால் முடியும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. அதுவரை அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் சாப்பிட்ட பின் அடுக்களைத் தரையில் குழம்புச் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். அவளை உட்கார வைக்கத்தான் அக்கா தன் மூன்று மாதச் சம்பளத்தை அந்த மேஜையில் போட்டிருந்தாள். முதல் நாள் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்று நினைத்தவள் மாதிரி. இரண்டு வாரத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அம்மா பீடி சுற்றுவாள். பகலெல்லாம் தரையில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துச் சுற்றிச் சுற்றி முதுகு போயிருந்தது. மேஜையிலேயே உட்கார்ந்து சுற்றும்படி அக்கா சொன்னாள். பீடி இலையை அளவாக வெட்டுவதற்கு ஒரு தகடு உண்டு. அதை இலைமேல் வைத்துச் சுற்றிலும் கத்தரிக்க வேண்டும். அம்மா தகட்டின் ஒரு மூலையை மேஜை ஓரத்தில் ஊன்றிக்கொண்டு வெட்டுவாள். இருபது வருடத்துக்கு மேல், அதே நாற்காலி, அதே இடம். அந்த ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சின்னச் சின்னக் கோடுகள் நெருக்கமாக விழுந்து, புகையிலைக் கறை இறங்கிக் கறுத்துப் போயிருந்தது. அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவள் போன பிறகு அக்கா தனியாகச் சாப்பிட்டதும் அந்த ஓரத்தில்தான்.

வீட்டைக் காலி செய்யும் நாள் நெருங்குவதற்கு முன்பே சாமானை ஆம்பூருக்கே கொண்டுபோய் வைத்து நிதானமாக விசாரிக்கச் சொன்னாள் அக்கா. சின்ன லாரி பிடித்து ஏற்றி வந்தேன். கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டில் எல்லாவற்றையும் இறக்கி வைத்து விசாரிக்க ஆரம்பித்தேன். ஃபர்னிச்சர் கடைக்காரர் ஈட்டி மரம் என்றார். மர அறுவை மில்லில் இருந்தவர் தேக்கு, அதுவும் சாதாரணத் தேக்கு என்றார். போட்டோவைப் பார்த்த என் பழைய முதலாளி, இது சீமையிலிருந்து கப்பலில் வந்த சரக்கு, அவசரப்பட்டு விற்காதே என்றார். வாணியம்பாடியிலிருந்து ஒரு பழைய சாமான் வியாபாரி நேரிலேயே வந்தார். மேஜையை இரண்டு சுற்றுச் சுற்றினார், நகத்தால் கீறினார், முகத்தைச் சுளித்தார்.

"மேலெல்லாம் கோடு, கறை, சூடு வெச்ச வளையம். நாப்பதாயிரம் குடுக்கறேன். பாலிஷ் கீலிஷ் போட்டு வெச்சீங்கன்னா இன்னும் கொஞ்சம் போவும் சார். இப்பிடியே இருந்தா பேஜார்தான்."

அந்த மனிதர் வியாபாரத்துக்காகச் சொன்னார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது நான்.

தோலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. மேல்பக்கத்தில் முள் கீறலும் உண்ணிப் புள்ளியும் சூட்டுத் தழும்பும் நிறைந்த தோல் வந்தால், உப்புத்தாள் சுற்றிய உருளையில் விட்டு மேலே மெல்லிசாக ஒரு பரப்பைச் சீவி எடுத்துவிடுவோம். பஃபிங் என்போம். பிறகு நிறம், அதன்மேல் பளபளப்பு. மூன்றாம் தரத்தில் கிடந்த தோல் இரண்டாம் தரத்துக்கு ஏறிவிடும். முப்பத்தோரு வருடம் நான் சம்பளம் வாங்கியது இதற்குத்தான். மேஜையைப் பார்த்தபோதும் எனக்கு மாட்டின் முதுகைப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது. எங்கெங்கே டிபெக்ட் என்று கை தானாகத் தேடியது.

அக்கா என்னிடம் கேட்டது விலை மட்டும்தான். தொடச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் அவளுக்காக நான் செய்யக்கூடிய ஒரே காரியம் என் கைக்குத் தெரிந்த காரியமாக வந்து நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பதாயிரத்தை ஒன்றரை லட்சமாக ஆக்கி அவள் கையில் வைக்கப்போகிறேன் என்று மனைவியிடம் பெருமையடித்தேன். தொடர்ந்து மூன்று வாரம் வேலை செய்தேன். முதலில் முரட்டுத் தாள், பிறகு நடுத்தரம், கடைசியில் மெல்லிய தாள். கம்பெனியில் பழகிய ஒருவரிடம் ஸ்பிரே மெஷின் வாங்கி, ஷூ தோலுக்குப் பளபளப்பு ஏற்ற அடிக்கும் லாக்கர் பூச்சையே மூன்று முறை அடித்தேன்.

அம்மா உட்கார்ந்த ஓரம்தான் ரொம்ப நேரம் பிடித்தது. கோடுகள் ஆழம். அவை யாருடையவை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். முரட்டுத் தாளைக் கையில் எடுத்தபோது ஒரு நிமிடம் அம்மா ஞாபகம் வந்தது. தகடு மரத்தில் ஊன்றும் அந்தச் சத்தம்கூட வந்தது. அப்புறம் கை வேலையில் இறங்கிவிட்டது. கறை கொஞ்சம் கொஞ்சமாகத் தூளாகி உதிர்ந்து கீழே வெளிர் மரம் தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மேஜை கண்ணாடி மாதிரி ஆனதும் தைரியம் வந்தது. பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் ஒரு பெண்மணி சென்னையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். ஒரு சனிக்கிழமை ரயிலில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை. ஷெட்டுக்குள் வந்தவர் குனிந்து மேஜைமேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"சார், இது எப்ப பாலிஷ் பண்ணது?"

"போன வாரம்தான் மேடம். நானே செஞ்சேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பையிலிருந்து டார்ச்சையும் ஒரு சின்னக் கண்ணாடியையும் எடுத்தார். பழைய பேப்பர் கேட்டு வாங்கித் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து மேஜைக்கு அடியில் நகர்ந்துபோனார்.

"கீழ ஒன்னும் இல்ல மேடம். அத நான் தொடவே இல்ல."

"நல்ல வேள சார்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

எனக்குச் சுருக்கென்றது. அப்போதும் விஷயம் புரியவில்லை.

முக்கால் மணி நேரம் பார்த்தார். என்னையும் குனியச் சொல்லி மேஜையின் அடிப்பக்கத்தில் கையை வைத்துத் தடவச் சொன்னார். மெல்லிய அலைகள் மாதிரி மேடும் பள்ளமும் விரலில் பட்டன. அது கை இழைப்புளி போன தடம், மெஷினில் இழைத்தால் அப்படி வராது என்றார். ஒரு திருகாணியைக் கழற்றிக் காட்டினார். தலையில் வெட்டியிருந்த பள்ளம் நடுவில் இல்லாமல் ஓரமாக விலகியிருந்தது. கையால் அறுத்த பழைய திருகாணி என்றார். நாற்காலிகளைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றின் சட்டத்திலும் உளியால் போட்ட சின்னக் கீற்றுகள் இருந்தன. ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு, இப்படி எட்டு வரை. அதே எண்ணிக்கை கீற்றுகள் அதன் மேலே பொருத்திய பிரம்பு இருக்கையின் அடியிலும் இருந்தன. எந்த இருக்கை எந்த நாற்காலிக்கு என்று தச்சர் போட்டுக்கொண்ட அடையாளம். நாற்பத்துச் சொச்சம் வருடம் அவற்றில் உட்கார்ந்து சாப்பிட்ட நாங்கள் யாரும் ஒரு நாற்காலியையாவது கவிழ்த்துப் பார்த்ததில்லை.

மேஜைச் சட்டத்தின் உள்பக்கம் இரும்பு அச்சால் அடித்த ஓர் எண் இருந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவர் எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"இது சீமை சாமான் இல்ல சார். வேலூர்லயே செஞ்சது. அந்தக் காலத்துல ஜெயில் பட்டறைல ஆர்டர் குடுத்து இந்த மாதிரி செட் செஞ்சு வாங்குவாங்க. இப்படித்தான் நம்பர் அடிச்சு அனுப்புவாங்க, நான் ரெண்டு மூணு பாத்திருக்கேன். பர்மா தேக்கு. எண்பது, தொண்ணூறு வருஷம் இருக்கும். எட்டு நாற்காலியும் அதே செட். இப்படி முழுசா கிடைக்கறதே இல்ல."

வேலூரில் வளர்ந்த எனக்கு அந்த ஜெயில் மதில் நன்றாகத் தெரியும். அதன் உள்ளே யாரோ ஒரு கைதி உளியைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று கீற்றுப் போட்டதை நினைத்தபோது என்னவோ செய்தது. நாங்கள் நால்வரும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்ட மேஜையைச் செய்தவன், அந்த நாட்களில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டானோ.

கடைசியாக அந்தப் பெண்மணி ஒரு பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து மேஜைக் காலின் உள்பக்கம் தேய்த்தார். பஞ்சு பழுப்பாக மாறியது. பழைய அரக்கு பாலிஷ் என்றார். அதே மாதிரி மேலே தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"மேல என்ன சார் அடிச்சிருக்கீங்க?"

சொன்னேன். அவர் பஞ்சைப் பேப்பரில் சுற்றி வைத்துவிட்டு நிதானமாக, என்னைப் புண்படுத்தக் கூடாது என்ற ஜாக்கிரதையோடு சொன்னார்.

"தொடாம இருந்திருந்தா ஒரு லட்சத்து அறுபதுக்கு நானே எடுத்திருப்பேன் சார். இத வாங்குறவங்க அந்தப் பழைய மேல்பக்கத்துக்குத்தான் காசு குடுப்பாங்க. அது ஒரு தடவ போச்சுன்னா திரும்ப வைக்க முடியாது. இப்ப எழுபதுக்கு மேல என்னால முடியாது."

"கோடு இருந்தா தரம் கம்மிதான மேடம்?"

"தோலுக்கு அப்படியா சார்? மரத்துக்கு இல்ல."

அவர் போன பிறகு ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். தோலை வாங்கும்போது முதலில் புரட்டிப் பார், சதைப்பக்கம் பொய் சொல்லாது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பேன். என் கைக்கு வந்த சாமானை நான் ஒருமுறைகூடப் புரட்டவில்லை. அதைவிட அக்காதான் கண் முன்னால் நின்றாள். எழுபதாயிரத்தில் அவளுக்கு அறை கிடைக்காது. யாரிடமும் கை நீட்டாமல் இருந்தவளை இந்த வயதில் கை நீட்ட வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் புத்தி தந்திரம் தேடியது. மீதித் தொண்ணூறை நான் போட்டு, ஒரு லட்சத்து அறுபதுக்குப் போனது என்று சொல்லிவிட்டால் என்ன? அவளுக்கு எப்படித் தெரியும்? இதை மனைவியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இத்தினி வருஷமா அண்ணி யாருகிட்டயும் ஒத்த ரூபா வாங்காம இருந்தாங்க. இப்ப அவங்களுக்கே தெரியாம வாங்க வெக்கப் போறீங்களா?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற?"

"வரச் சொல்லிக் காட்டுங்க. நீங்க பண்ணத நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குச் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டிருந்தேன், அதில் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து, வந்து பார்த்துவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன். குரலிலேயே ஏதோ தெரிந்திருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள்.

ஷெட்டுக் கதவைத் திறந்துவிட்டு நான் ஓரமாக நின்றேன். அக்கா உள்ளே போனாள். மேஜையைப் பார்த்தாள். முதலில் அது தன்னுடையதுதானா என்று சந்தேகப்பட்டவள் மாதிரி நாற்காலிகளை எண்ணினாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி நடந்து அந்த ஓரத்துக்குப் போய் நின்றாள். உள்ளங்கையை வைத்தாள். முன்னும் பின்னும் ஓட்டினாள். இடம் தப்பிவிட்டதோ என்று இன்னும் ஒரு சாண் தள்ளி ஓட்டினாள். எல்லா இடமும் ஒரே வழுவழுப்பு. அவள் கை தேடிய அந்த ஒரு நிமிடத்தை இன்னும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"தேய்க்கறப்ப அந்தக் கோட்டப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்."

"ம்."

அவ்வளவுதான் கேட்டாள். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். மனைவி சொம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜெயில் பட்டறை, உளிக் கீற்று, பர்மா தேக்கு, ஒரு லட்சத்து அறுபது, எழுபதாயிரம், நான் யோசித்த தந்திரம் உட்பட எல்லாம். அக்கா ஒரு நோயாளியின் விவரத்தைக் கேட்கிற மாதிரி இடையில் பேசாமல் கேட்டாள்.

"மிச்சத்த நான் குடுக்கறேன்க்கா. இந்த ஒரு தடவ வாங்கிக்க. உன் கால்ல வுழறேன்."

"நீ எதுக்குக் குடுக்கணும்?" என்றாள். சொம்பை மேஜையில் வைத்தாள். பிறகு, "உங்க கம்பெனிக்கு வெளியில இருந்து ஒருத்தர் தோல் குடுத்து, வேல செஞ்சி குடுங்கன்னு கேட்டு, நீங்க அத கெடுத்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

"டெபிட் போடுவாங்க. கெடுத்தவங்களே அந்த சரக்க எடுத்துக்கணும்."

"எந்த வெலைக்கு?"

"கெடறதுக்கு முன்னாடி இருந்த வெலைக்கு."

"அப்ப எடுத்துக்க" என்றாள் அக்கா. "ஒரு லட்சத்து அறுபது. கொறைக்க மாட்டேன்."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. எனக்கு அந்த நிமிடம் உயிர் வந்த மாதிரி இருந்தது. அக்கா யாரிடமும் கை நீட்டப் போவதில்லை. தன் சாமானைத் தான் விற்கிறாள், அவ்வளவுதான். அந்த நிம்மதி அடங்கிய பிறகுதான் இன்னொன்று உறைத்தது. வாழ்நாளெல்லாம் அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த முறையும் நான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள அவள் இடம் வைக்கவில்லை. நான் ஒரு மேஜையும் எட்டு நாற்காலியும் வாங்கியவன். கடைக்கு வந்த ஆள் மாதிரி.

பாங்கில் என் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். அக்கா ஒரு வெள்ளைத் தாளில் சாமான்களின் விவரத்தை எழுதி, விலையை எழுதி, கையெழுத்துப் போட்டாள். ஒரு கையெழுத்து என்னிடமும் வாங்கினாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் அவளை இல்லத்தில் சேர்க்கப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, அப்பா அம்மா போட்டோ, வேதாகமம். அலுவலக அறையில் இருந்த பெண் ஃபாரத்தை என் பக்கம் நகர்த்தி, "பணம் யார் சார் கட்றது, நீங்கதான?" என்றார். வயதானவர்களோடு வருகிற எல்லாரிடமும் அப்படித்தான் கேட்பார் போலிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான்தாம்மா. எங்க எழுதணும் காட்டு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினாள். பணத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ரசீதை வாங்கி ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். அந்த அறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அறையில் பெட்டியை வைத்த பிறகு என்னோடு ரோடு வரை நடந்து வந்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு சிமெண்டுத் திண்டு இருந்தது, அதில் உட்கார்ந்தோம். எதிரே நெல் வயல்.

"மன்னிச்சிடுக்கா."

"எதுக்குடா? சாமான வித்தேன், நீ வாங்கன. அது முடிஞ்சிது." என் பக்கம் திரும்பினாள். "அம்மா ஒக்காந்த எடத்துக்கு நான் வெல சொல்லல. அத நான் விக்கவும் இல்ல, நீ வாங்கவும் இல்ல. அது போச்சு. அவ்ளோதான்."

குரலில் கோபமே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அறுபதை நெருங்கும் ஆம்பளை, ரோட்டோரத்தில், ஆடு மேய்த்துக்கொண்டு போனவர் நின்று பார்க்கும் அளவுக்கு அழுதேன். அக்கா சமாதானம் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், ஆஸ்பத்திரியில் நாடி பார்க்கிறவள் பிடிக்கிற மாதிரி.

"அழுவறதுன்னா சீக்கிரம் அழுதுடு. பஸ் வந்துடப் போவுது."

பஸ் வந்தது. பழக்கத்தில் அவளுக்கு முதலில் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவள் ஏறவில்லை. கண்டக்டர் விசில் ஊதியதும் நான் மட்டும் ஏறினேன். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தன் பணத்தில் எடுத்த அறைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள்.